தரையிறங்கிய வால்வெள்ளி

“ஆளக் காணோம்னா போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டான் குச்சி.

“சொல்லலாம். என்ன பேர்னு சொல்றது?” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி.

நியாயமான கேள்விதான். பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆள் கறுப்பா சிவப்பா என்பதும் தெரியாது. பதினோரு வருஷப் பழக்கம் என்பது மட்டும் தெரியும். இப்படி ஒரு புகாரோடு போனால் எந்த ஸ்டேஷனிலும் முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். பிறகு, வீட்டில் யாராவது பொறுப்பானவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிப்பார்கள்.

குச்சியின் பக்கத்து நாற்காலியில் நிதானம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் வேறு. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். ஒரு தாளை மூன்று தடவை படித்த பிறகுதான் பேசுவார் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பேர் இது. வேலையை விட்டார், பேர் அவரை விடவில்லை. இப்போது சாவிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம். கீழே நாளெல்லாம் சாவி அராவுகிற சத்தத்தில் பல் கூசும்.

குச்சி அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. ஒட்டடைக்குச்சி என்பதன் சுருக்கம் அது. ஆளைப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை காரணம் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நிதானத்தின் மனைவி, “உங்களோட பேசறதுக்கு சுவரோட பேசலாம், அதாவது எதிரொலிக்கும்” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்விட்டாள். கோர்ட்டு வரை போய் எல்லாம் தீர்ந்தது. மறுநாள் காலை தம்பிக்காரன் எப்போதும் போல வந்து, “விட்டுட்டுப் போனது அக்கா. நான் எதுக்கு வேலைய விடணும்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன்தான். உறவு அறுந்த பிறகும் அத்தான் அத்தானாகவே இருந்தார். தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நிதானத்துக்கு அந்தச் சிரிப்பில் வருத்தமில்லை. சாயங்காலம் இவனும் கிளம்பின பிறகு தன் வீட்டுப் பூட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே போகிற அந்த ஒரு நிமிஷம்தான் வருத்தம்.

பெண்மணி துணிப்பையிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். ஐம்பதை நெருங்குகிற வயது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், லென்ஸ் தேய்ப்பதும் அவரே, பில் போடுவதும் அவரே. தாள்களில் மஞ்சள், பச்சை, ரோஜா, நீலம் என்று இல்லாத நிறமில்லை.

“இதுக்குப் பேரு தொலைவட்டம். பன்னெண்டு பேர். எல்லாருமே விண்வெளிக் கதைப் பைத்தியம். ஆளுக்கு ரெண்டு பக்கம் மூணு பக்கம் டைப் பண்ணி, பன்னெண்டு பிரதி எடுத்து, கட்டுக்காரருக்கு அனுப்பிடணும். அவர் எல்லாத்தையும் சேத்துத் தைச்சு, ஆளுக்கு ஒரு கட்டா தபால்ல போடுவார். மூணு மாசத்துக்கு ஒரு கட்டு. கடையில எல்லாம் கிடைக்காது. எழுதறவங்களும் நாங்கதான், படிக்கறவங்களும் நாங்கதான்.”

“அவியலும் நானே அகப்பையும் நானே,” என்றான் குச்சி. “கதையாம்மா எழுதுவீங்க?”

“கதை கொஞ்சம், சண்டை ஜாஸ்தி. போன கட்டுல ஒருத்தர் எழுதினதுக்கு இந்தக் கட்டுல மத்தவங்க பதில் எழுதுவோம். அதுக்கு எதிரொலின்னு பேரு.”

“நிஜப் பேர் யாருக்கும் தெரியாதா?”

“கேக்க மாட்டோம். விலாசம் கட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரோட தபால் பெட்டி நம்பர்தான் எங்ககிட்ட இருக்கு. பேர் கேக்கறது மண்ணாள் புத்தி.”

“மண்ணாள்னா?”

“நீங்கதான்,” என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். “தப்பா நினைச்சுக்காதீங்க. வட்டத்துக்கு வெளிய இருக்கற எல்லாரையும் அப்படித்தான் சொல்வோம்.”

“அத்தான், நம்மள மண்ணுங்கறாங்க,” என்றான் குச்சி. நிதானம் ‘அதில் என்ன தப்பு’ என்பது போலத் தலையசைத்தார்.

வட்டத்தில் அவர் பேர் ஏழாம் நிலா. காணாமல் போனவர் வால்வெள்ளி. பதினோரு வருஷம், நாற்பத்து நாலு கட்டு. எந்தக் கட்டிலும் ஏழாம் நிலா எழுதியதற்கு வால்வெள்ளியின் எதிரொலி இல்லாமல் இருந்ததில்லை. செவ்வாயில் மழை பெய்தால் என்ன வாசனை வரும் என்று ஒரு கேள்வியை இரண்டு பேரும் ஒரு வருஷம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். நாற்பத்து மூன்றாவது கட்டில் ஏழாம் நிலா, வட்டத்தின் வழக்கத்தை மீறி, ‘நாம் ஒரு தடவை நேரில் பார்த்தால் என்ன?’ என்று எழுதிவிட்டார். நாற்பத்து நாலாவது கட்டு வந்தது. வால்வெள்ளி எப்போதும் எழுதுகிற வெள்ளைத் தாள் அதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஒற்றை வரி மட்டும் இருந்தது: ‘வால்வெள்ளி தரையிறங்கிவிட்டார். – கட்டுக்காரர்.’

“தரையிறங்கறதுன்னா வட்டத்த விட்டுப் போறது. காரணம் போடற வழக்கம் கிடையாது,” என்றார் ஏழாம் நிலா. “சார், ஒண்ணு அவர் செத்துப் போயிருக்கணும். இல்லன்னா நான் கூப்பிட்டதால ஓடியிருக்கணும். எதுன்னு எனக்குத் தெரியணும். ரெண்டுல எதுவா இருந்தாலும் தாங்கிப்பேன். தெரியாம இருக்கறதுதான் தாங்கல.”

“மத்தவங்க யாரும் போகலையா?” என்று கேட்டான் குச்சி.

“எல்லாரும் இருக்காங்க, எழுதறாங்க.” அவர் தாள்களின் ஓரத்தைச் சரிசெய்தார். “கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல சார். கட்டப் பிரிச்சா பத்துப் பேர் பேசுவாங்க. இப்பவும் பேசறாங்க. ஆனா அவர் இல்லாம, எல்லாரும் பேசறது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருக்கு.”

குச்சி ஒரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். “அத்தான், ஆளப் பிடிச்சாச்சு. உப்புக்கல்னு ஒருத்தன். வால்வெள்ளியப் பிடி பிடின்னு பிடிக்கறான். இதக் கேளுங்க. ‘வால்வெள்ளியின் கதையில் வேற்றுக்கிரகவாசிக்கு ஆறு கை. ஆறில் ஒன்றாவது அவர் பேனாவைப் பிடுங்கியிருக்கக் கூடாதா?’ நாலு வருஷமா இதே வேலை. இவன்தான் ஏதோ பண்ணியிருக்கான்.”

“அவர் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டார்,” என்றார் ஏழாம் நிலா சட்டென்று. “அவர் வாய்தான் அப்படி.”

நிதானம் அதையும் மனசில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டார். குச்சி விலாசம் கேட்டான். “லெட்டர் கிட்டர் போட்டா வீட்டுக்குப் போடுங்க, கடையில உக்காந்து படிக்க முடியாது. பதினாலாம் நம்பர், தையல்காரர் வீட்டு மாடி,” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். கீழே சாவி அராவுகிற சத்தம் ஒரு நிமிஷம் நின்று, பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

இரண்டு நாள் இருவரும் கட்டுகளைப் படித்தார்கள். படித்தார்கள் என்றால், நிதானம் மூன்று தடவை படித்தார், குச்சி மூன்று பக்கம் படித்தான். பச்சைத் தாளில் அரைக்கிரகம் என்று ஒரு பெரியவர், தன் முழங்கால் வலியையும் வியாழனின் ஈர்ப்பு விசையையும் சேர்த்தே எழுதுவார். ரோஜா நிறத் தாளில் புழுத்துளை என்று ஒரு கல்லூரிப் பெண், அவளுக்கு எல்லா வாக்கியமும் கேள்விதான். நீலத்தில் இரண்டு சகோதரர்கள், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் ஒத்துக்கொண்டதே இல்லை. நிதானத்துக்கு இரண்டாம் நாளே அவர்களெல்லாம் பழகினவர்கள் போலாகிவிட்டார்கள். ராத்திரி வீட்டுக்கு ஒரு கட்டை எடுத்துப் போகலாமா என்று யோசித்தார். யோசித்ததற்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

“காது அடைச்சுக்கிச்சுன்னு அந்தம்மா எழுதினது எந்தக் கட்டுல?” என்று கேட்டார் நிதானம்.

குச்சி தேடினான். “நாப்பத்தொண்ணு. ‘பதினைந்து நாளாக இடது காது அடைத்துக்கொண்டிருக்கிறது. கடையில் வருகிறவர்கள் பேசுவது எல்லாம் வேறு கிரகத்திலிருந்து கேட்கிறது.’”

“வால்வெள்ளி அதுக்கு எங்க பதில் போட்டிருக்கார்?”

“இதோ. ‘ஏழாம் நிலா, காதில் எதையும் ஊற்றாதீர்கள். தயவுசெய்து டாக்டரிடம் போங்கள்.’ நல்ல மனுஷன்.”

“எந்தக் கட்டு?”

“நாப்பத்தொ…” குச்சியின் விரல் நின்றது. “அதே கட்டு.”

“போன கட்டுல இருக்கறதுக்குத்தான் இந்தக் கட்டுல பதில் எழுத முடியும். அந்தம்மா எழுதின பக்கம் நாப்பத்தொண்ணு வெளிய வந்த பிறகுதான் மத்தவங்க கைக்குப் போகும். நாப்பத்தி ரெண்டுலதானே பதில் வரணும்?”

“கேள்விக்கு முன்னாடியே பதில்.” குச்சி தலையைச் சொறிந்தான். “விண்வெளிக்காரங்க ஆச்சே அத்தான், கால இயந்திரம் ஏதாவது வெச்சிருக்கப் போறாங்க.”

“கால இயந்திரம் வேண்டாம். தையல் ஊசி போதும். கட்டு தைக்கறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கத்தையும் பாக்கறது யாரு?”

குச்சி கட்டின் தையலை விரலால் தடவிப் பார்த்தான். “கட்டுக்காரர்,” என்றான் பிறகு. “அந்தாள்தான் வால்வெள்ளியா? அப்போ நான் தரையிறங்கிட்டேன்னு தனக்குத் தானே சாவு ஓலை எழுதிக்கிட்டாரா?”

“அவசரத்துல மாட்டிக்கிட்டார். மத்த நாப்பத்து ரெண்டு கட்டுலயும் கவனமாத்தான் இருந்திருக்கார். காது அடைப்புன்னதும் மூணு மாசம் காத்திருக்க மனசு வரல.”

பிடித்த நூலை விடக்கூடாது. கட்டுக்காரர் எங்கே இருக்கிறார்? தபால் பெட்டிக்காரர்கள் விலாசம் சொல்ல மாட்டார்கள். ஏழாம் நிலா கட்டு வந்த காக்கி உறைகளைக்கூட எறியாமல் வைத்திருந்தார். சாதாரண உறையைவிட அகலம், நீளம், தடிமன் மூன்றும் அதிகம். நிதானம் ஒட்டியிருந்த இடத்தில் கொதிநீர் ஆவியைக் காட்டிப் பிரித்தார். உறை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித் திருப்பி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே ஒளிந்திருந்த பக்கத்தில் அச்சு: ‘நோயாளி பெயர், வயது, எடுத்த பகுதி. மடக்காதீர்கள்.’ இடத்தின் பேர் இருந்த மூலையை மட்டும் கத்தரித்திருந்தார்கள்.

“எக்ஸ்ரே கவர்,” என்றான் குச்சி. “பதினோரு வருஷமா வெளிப்பக்கத்தையே பாத்துட்டு இருந்திருக்காங்க.”

தபால் முத்திரை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வட்டாரம். அங்கே எக்ஸ்ரே எடுக்கிற இடங்கள் ஏழு. குச்சி ஏழு இடத்துக்கும் போன் போட்டு, “படத்த கவர்ல போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டான். ஆறு இடத்தில், படம் போனுக்கே வந்துவிடும் என்றார்கள். ஏழாவது இடத்தில், “வேற எதுலங்க போட்டுத் தரது?” என்று கோபித்துக்கொண்டார்கள்.

மறுநாள் மதியம் தூறலில் நனைந்துகொண்டே போனார்கள். பழைய கட்டிடத்தின் தரைத்தளம். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் குச்சியை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்க எடுக்கணும்?”

“நெஞ்செலும்பு.”

“உங்களுக்கு எதுக்குங்க மெஷினு? ஜன்னல் பக்கமா நின்னாலே தெரியுமே,” என்றாள் அவள். நிதானம் சிரிப்பை விழுங்கினார். வாய்க்கு வாய் கொடுக்க ஆளிருக்கிற இடத்தில் குச்சி சந்தோஷமாக இருப்பான். அவனை அங்கேயே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

எக்ஸ்ரேக்காரருக்கு அறுபது இருக்கும். ஒல்லியான தோளில் கனமான ஈய அங்கி. சுத்தமாக வாரின தலை. கடைசி ஆளை அனுப்பிவிட்டு, “உள்ள வாங்க, யாருக்கு?” என்றார்.

நிதானம் நாற்பத்தொன்றாவது கட்டிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து, எலும்புப் படம் மாட்டுகிற வெளிச்சப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் செருகினார். ஒன்று ஏழாம் நிலாவினுடையது, இன்னொன்று வால்வெள்ளியினுடையது.

“பதில் கொஞ்சம் சீக்கிரமே வந்துடுச்சுங்க,” என்றார்.

எக்ஸ்ரேக்காரர் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் அவரில்லை. முகத்தில் எல்லாமே தெரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் யார் என்பதல்ல. “அவங்கள நேர்ல பாத்தீங்களா? எப்படி இருக்காங்க?” என்பதுதான்.

“நல்லா இல்ல,” என்றார் நிதானம். “நீங்க செத்துட்டீங்களா, இல்ல அவங்க கூப்பிட்டதால ஓடிட்டீங்களான்னு தெரியணுமாம். அதுக்காக எங்க ஆபீஸ் படியேறி வந்தாங்க.”

எக்ஸ்ரேக்காரர் நோயாளிகள் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். “உயிரோடதான் இருக்கேன். ஓடலைங்க. ஒருத்தன வெளிய அனுப்பினேன், மத்தவங்களக் காப்பாத்த.”

“மத்தவங்கன்னா?”

அவர் எழுந்துபோய்ச் சுவர் அலமாரியைத் திறந்தார். பழைய படங்களுக்குக் கீழே மஞ்சள், பச்சை, ரோஜா, நீலம் என்று வெற்றுத் தாள் அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு. அரைக்கிரகம், முழங்கால் வலி, ‘அதாவது’ என்று தொடங்குவார். புழுத்துளை, பரீட்சை நெருங்குகிறது, கேள்விக்குறி. குச்சி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், பாதியில் நிறுத்திவிட்டான். கிண்டல் ஒன்றும் அகப்படவில்லை போலும்.

“எல்லாமே நீங்களா?” என்றார் நிதானம்.

“ஆரம்பத்துல எல்லாரும் நிஜ ஆளுங்கதாங்க. ஏழு வருஷம் ஓடுச்சு. கட்டுக்காரன் பக்கச்சார்பா இருக்கக்கூடாதுன்னு விதி, அதனால நான் வால்வெள்ளிங்கற பேர்ல தனியா எழுதினேன். அப்புறம் ஒருத்தர் தரையிறங்கினார். பன்னெண்டு பேருக்குக் குறைஞ்சா வட்டத்தக் கலைச்சுடணும், அதுவும் விதிதான். ஒரு இடம் காலி, அடுத்த கட்டுக்குள்ள ஆள் வரலன்னா வட்டம் கலையும்னு அறிவிப்புப் போட்டேன். நல்லவேளை, உப்புக்கல் வந்து சேந்தார். அதோட தப்பிச்சோம்னு நினைச்சேன்.”

அவர் அங்கியின் பட்டையைத் தளர்த்தினார். “அடுத்தது அரைக்கிரகத்தோட மகன் கார்டு போட்டார். அப்பா தவறிட்டார், இனிமே அனுப்ப வேண்டாம்னு. அதே வாரம் ஏழாம் நிலாவோட பக்கம் வருது. அரைக்கிரகம் எழுதறதப் படிச்சாத்தான் மனசு லேசாகுதுன்னு எழுதியிருக்காங்க. நான் எப்படிங்க சொல்றது? ஒரே ஒரு தடவைன்னு அவர் மாதிரி ரெண்டு பக்கம் எழுதினேன். அடுத்து அந்தப் பொண்ணு கல்யாணமாகிப் போயிடுச்சு. அப்புறம் அண்ணன் தம்பி. ஒவ்வொருத்தரா இறங்க இறங்க, நான் ஏறி உக்காந்தேன். இப்ப என்னையும் சேத்துப் பத்துப் பேர் நான்தான். நிஜமா வெளிய இருக்கறது ரெண்டே பேர். ஏழாம் நிலாவும் உப்புக்கல்லும்.”

“அந்தம்மா நேர்ல பாக்கலாம்னு கேட்டதும்…”

“போய்ப் பாத்தா பொய் சொல்ல முடியாதுங்க. நிஜத்தச் சொன்னா, அவங்களுக்கு மத்த ஒன்பது பேரும் ஒரே நாள்ல செத்துப் போன மாதிரி. அதுக்கு ஒருத்தன் போனாப் பரவால்ல, அந்த இடத்துக்குப் புது ஆளா நானே எழுதிக்கலாம்னு தோணுச்சு.” அவர் குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு தடவை அவங்க கடை வரைக்கும் போனேன். எதிர்த்தாப்புல நின்னுட்டு வந்துட்டேன். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. என்ன சொல்லிக்கிட்டுக் கண்ணாடிக்கடைக்குள்ள நுழையறது?”

தன் பேச்சை நிரூபிக்கிற மாதிரி அவர் விலாச நோட்டை எடுத்து விரித்தார். பன்னிரண்டு வரி. ஒரு வரியில் விலாசமே இல்லை, அது அவர். ஒன்பது விலாசங்கள் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தன. மிச்சமிருந்தவை இரண்டு. ஏழாம் நிலா: மூக்குக்கண்ணாடிக் கடை. உப்புக்கல்: பதினாலாம் நம்பர், தையல்காரர் வீட்டு மாடி.

குச்சி வாயைத் திறந்தான். நிதானம் அவன் காலை ஓங்கி மிதித்தார்.

“என்னங்க ஆச்சு?” என்றார் எக்ஸ்ரேக்காரர்.

“ஒண்ணுமில்ல, கால்ல எலும்பு இருந்துது. இப்ப எப்படியோ தெரியல,” என்றான் குச்சி பல்லைக் கடித்துக்கொண்டு.

நிதானம் அந்த வரியை மூன்று தடவை படித்தார். சந்தேகமே இல்லை. அன்று அந்தம்மா சொல்லிக் குச்சி எழுதிக்கொண்ட அதே மாடி. வட்டம் கலையக்கூடாது என்று அந்தம்மாவும் ஒரு ஆளை உண்டாக்கி இறக்கியிருக்கிறார். நாலு வருஷமாகப் பன்னிரண்டு பேர் சண்டை போட்டு, சமாதானமாகி, முழங்கால் வலிக்கு மருந்து சொல்லி, பரீட்சைக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்கு நடுவில். அதை இந்த மனிதரிடம் சொல்லிவிட நிதானத்துக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய ரகசியமில்லை.

வேறொன்றைச் சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசிக் குச்சியே கேட்டதில்லை.

“சார், ஒன்பது பேர் பேசிக்கிட்டே இருந்தும் அவங்க என்னைத் தேடி வந்தாங்க. பத்தாவது ஆள் போனதுதான் அவங்களுக்குக் கணக்கு. நான் பேசாம இருந்தே வீட்டுலேர்ந்து ஒருத்திய அனுப்பினவன். நல்லதுக்குத்தான் பேசாம இருக்கேன்னு நானும் நினைச்சேன். ஒரே ஒரு ஆள்தான் போனா, வீடே காலியாயிடுச்சு. நீங்களே அவங்ககிட்ட பேசுங்க. நான் சொன்னா அது வெறும் ரிப்போர்ட்டு.”

குச்சி ஜன்னல் பக்கம் திரும்பித் தூறலைப் பார்த்தான். எக்ஸ்ரேக்காரர் இரண்டு தாள்களையும் வெளிச்சப் பலகையிலிருந்து உருவி நிதானத்திடம் கொடுத்தார். பிறகு போனுக்காகக் கையை நீட்டினார். நிதானம் தன் போனில் நம்பரைப் போட்டுக் கொடுத்தார். நிதானத்துக்குக் காது கொஞ்சம் மந்தம், போனில் சத்தம் எப்போதும் உச்சத்தில் இருக்கும். அதனால் அந்த முனைப் பேச்சு அறை முழுக்கக் கேட்டது.

“சொல்லுங்க சார்,” என்றார் ஏழாம் நிலா. “உயிரோட இருக்காரா?”

எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறந்தார். பத்துப் பேராக நாலு வருஷம் பேசிய மனிதருக்கு இப்போது ஒரு பேச்சும் வரவில்லை.

“சார்?”

“வால்வெள்ளிங்க.”

அந்தப் பக்கம் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“வால்வெள்ளி மட்டுமில்லைங்க,” என்றார் அவர், வேகமாக, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல. “கட்டுக்காரரும் நான்தான். அரைக்கிரகம் போய் நாலு வருஷமாச்சு. புழுத்துளைக்குக் கல்யாணமாயிடுச்சு. அவங்க பேர்ல எல்லாம் நான்தான் எழுதினேன், எல்லாரும் போனது தெரிஞ்சா நீங்களும் போயிடுவீங்கன்னு. மன்னிக்கச் சொல்லல. ஆனா எல்லாமே பொய்னு நினைச்சுடாதீங்க. உப்புக்கல்னு ஒருத்தர் இருக்காரு, அவர் நிஜமான ஆள். அவர் விலாசம் என்கிட்ட இருக்கு. கொஞ்சம் முசுடுதான், ஆனா எனக்கே அவர் ஒருத்தர் இருக்கறதுதாங்க தைரியம். நான் வேண்டாம்னாலும் நீங்க அவரோட பேசலாம்.”

அந்த முனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. இதுவரை எந்தக் குற்றவாளி வாயைத் திறக்கவும் நிதானம் இவ்வளவு காத்திருந்ததில்லை.

“உப்புக்கல்லும் இல்லைங்க,” என்றார் ஏழாம் நிலா கடைசியில். “அது நான்.”

எக்ஸ்ரேக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

“ஆள் வரலன்னா வட்டம் கலையும்னு போட்டிருந்தீங்க. கலைஞ்சா நான் எங்க போவேன்? அதான் ஒருத்தர உண்டாக்கினேன். திட்டினதுக்குக் கோவிச்சுக்காதீங்க. யாராவது திட்டினாத்தான் நீங்க நீளமா பதில் எழுதுவீங்க. இல்லன்னா ரெண்டு பக்கத்தோட நிறுத்திடுவீங்க.”

“அப்போ,” என்றார் எக்ஸ்ரேக்காரர், “நாலு வருஷமா…”

“ஆமாங்க. நாம ரெண்டு பேர்தான்.”

அலமாரி திறந்தபடி இருந்தது. எக்ஸ்ரேக்காரர் அந்தத் தாள் அடுக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. அந்த முனையிலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நாள் கூட இருந்த அத்தனை பேரும் ஒரே நிமிஷத்தில் எழுந்துபோய்விட்டால் யாருக்குத்தான் அழுகை வராது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார் ஏழாம் நிலா. “நான் கூப்பிட்டதாலதானே போனீங்க?”

“ஆமாங்க.”

“இப்ப மறுபடி கூப்பிடறேன். ஆறு மணி வரைக்கும் கடை திறந்திருக்கும். வருவீங்களா?”

எக்ஸ்ரேக்காரர் என்ன பதில் சொல்வது என்று நிதானத்தின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் குச்சி அவர் தோளிலிருந்து ஈய அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கதவு மூலையில் இருந்த குடையை எடுத்து அவர் கையில் திணித்தான்.

“கிளம்புங்க சார்,” என்றான். “நாங்க பூட்டிட்டுப் போறோம்.”